கம்பெனி மூடினாலும் படம் ஓடுமா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சி.டி. போடும் இடம் எங்கே இருக்கிறது?" நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாலும் கிடைக்காது. இன்று விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் டிரைவ் கிடையாது. கடைக்காரரைக் கேட்டால், "இப்ப யாருங்க சி.டி. போடுறாங்க? எல்லாம் நெட்டிலேயே இருக்கே" என்பார். இதைக் கேட்டுவிட்டு, அலமாரியில் இருக்கும் வி.சி.டி., டி.வி.டி.க்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"எல்லாம் நெட்டில் இருக்கிறது" என்பது பாதிதான் உண்மை. இன்று இருக்கிறது. நாளையும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு, இன்னும் காசு கொடுத்து டிஸ்க் வாங்கும் கூட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அவர்கள் அனிமே ரசிகர்கள்.

அவர்கள் ஏன் வாங்குகிறார்கள்?

ஜப்பானில் தயாராகும் அனிமேஷன் படங்களையும் தொடர்களையும் அனிமே என்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் வரிசையின் இன்பினிட்டி காசில் படம் தமிழ் டப்பிங்குடன் நம் தியேட்டர்களுக்கே வந்தது.

அமெரிக்காவுக்கு இவை 1980களில் போனபோது முழுசாகப் போகவில்லை. மியாசாகி 1984ல் இயக்கிய நௌசிகா என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் அதில் சுமார் 20 நிமிடங்களை வெட்டி, பெயரையும் மாற்றி வெளியிட்டார்கள். டி.வி.யில் வந்த தொடர்களிலும் இதே கதைதான். காட்சிகள் வெட்டப்பட்டன, வசனங்கள் மாறின. வெட்டாத படத்தை ஜப்பானிய மொழியிலேயே பார்க்க விரும்பியவர்களுக்கு இருந்த முக்கியமான வழி வீடியோ கேசட்.

அது மலிவானதும் அல்ல. நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன் என்ற 26 பகுதித் தொடரை ஏ.டி.வி. பிலிம்ஸ் என்ற கம்பெனி 1996 முதல் அமெரிக்காவில் விற்றது. கேசட்டுக்கு இரண்டு பகுதி வீதம் மொத்தம் 13 கேசட்டுகள். அந்தக் காலத்தில் அனிமே கேசட் ஒன்று 30 டாலர் அளவில் விற்றது. கணக்குப் போட்டால் ஒரு தொடருக்கு 390 டாலர்! போதாக்குறைக்கு, ஆங்கில டப்பிங் கேசட் தனி, ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலுடன் வரும் கேசட் தனி. டி.வி.டி. வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. ஒரே டிஸ்க்கில் எட்டு மொழி ஒலிகள் வரை, 32 சப்டைட்டில்கள் வரை வைக்க முடியும். நௌசிகாவும் 2005ல் வெட்டு இல்லாமல் டி.வி.டி.யாக அமெரிக்காவில் வந்தது.

"அதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே?" என்று கேட்கலாம். 2019ல் இதே இவாஞ்சலியன் நெட்பிளிக்ஸில் வந்தது. ஆங்கில டப்பிங் புதியது, மொழிபெயர்ப்பும் புதியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் "பிளை மீ டு த மூன்" என்ற பாட்டு அமெரிக்காவில் காட்டிய பதிப்பில் இல்லை. பழைய டிஸ்க் வைத்திருந்தவர்கள் அந்தப் பாட்டுடன் பார்த்தார்கள். இல்லாதவர்கள் கொடுத்ததைப் பார்த்தார்கள். இத்தனைக்கும் அந்த டிஸ்க்கை விற்ற ஏ.டி.வி. பிலிம்ஸ் 2009லேயே மூடப்பட்டுவிட்டது.

நம் ஆட்களும் வாங்கினார்கள்

சொந்த மொழிப் படத்துக்காகக் கடல் தாண்டி வரும் டிஸ்க்கை எதிர்பார்த்துக் காத்திருப்பது நமக்கும் புதிதல்ல. லண்டன், பாரிஸ், டொரன்டோ போன்ற நகரங்களில் குடியேறிய தமிழர்கள், குறிப்பாக ஈழத்திலிருந்து போனவர்கள், தமிழ்ப் படங்களை இப்படித்தான் பார்த்தார்கள். லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் இன்டர்நேஷனல் முதலில் கேசட்டாகவும், பிறகு ஆங்கில சப்டைட்டிலுடன் டி.வி.டி.யாகவும் தமிழ்ப் படங்களை வெளியிட்டது. தமிழ் பேச்சைக் கேட்டு ஓரளவே புரிந்துகொள்ளும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்க அந்த சப்டைட்டில் உதவியது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே டிஸ்க் என்றாலே பலருக்குத் திருட்டு வி.சி.டி.தான் நினைவுக்கு வந்தது. 2004ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களையும் அதில் சேர்க்கும் அளவுக்குப் பிரச்னை முற்றியிருந்தது.

இதற்கு விலையால் பதில் சொன்ன கம்பெனி மோசர் பேர். வெற்று சி.டி.க்கள் தயாரித்து வந்த டில்லி கம்பெனி இது. 2007ல் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று ஒரிஜினல் படங்களைக் கடைகளில் கொண்டுவந்து குவித்தது. திருட்டு வி.சி.டி. விலைக்கே ஒரிஜினல்! உங்கள் வீட்டு அலமாரியிலும் இந்த டிஸ்க்குகள் சில நிச்சயம் இருக்கும். அடுத்து 2015ல் இயக்குநர் சேரன், சி டு எச் என்ற திட்டத்தில் தன்னுடைய "ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை" படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக நேரே வீடுகளுக்கு விற்றார். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. மோசர் பேரும் கடனில் மூழ்கி, 2018ல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். மோசர் பேர் போய்விட்டது. ஆனால் அவர்களிடம் 28 ரூபாய்க்கு வாங்கிய படம் இன்றும் ஓடுகிறது.

நாம் வாங்குவது என்ன?

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய அனிமே கம்பெனிகளில் ஒன்று பனிமேஷன். அது விற்ற டிஸ்க் பெட்டிகள் பலவற்றுக்குள் ஒரு கோட் எண் இருக்கும். அதை இணையதளத்தில் கொடுத்தால் அதே படத்தின் டிஜிட்டல் காப்பி உங்கள் கணக்கில் சேரும். என்றென்றும் பார்க்கலாம், சில நிபந்தனைகள் மட்டும் உண்டு என்றார்கள். பனிமேஷன் பிறகு கிரஞ்சிரோல் என்ற சேவையுடன் இணைந்தது. 2024 ஏப்ரல் 2ல் பனிமேஷன் தளம் மூடப்பட்டது. கணக்கில் சேர்த்திருந்த டிஜிட்டல் காப்பிகள் புதிய இடத்துக்கு மாற்றப்படவில்லை. அதே பெட்டியில் இருந்த டிஸ்க் மட்டும் மிஞ்சியது.

தமிழிலும் உதாரணம் உண்டு. நயன்தாரா நடித்த "அன்னபூரணி" 2023 டிசம்பர் கடைசியில் நெட்பிளிக்ஸில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது. படம் நல்லதா, எதிர்ப்பு சரியா என்பது வேறு விவாதம். மாதச் சந்தா கட்டியவர், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வைத்திருந்தால் பார்த்திருக்க முடியாது என்பதுதான் இங்கே விஷயம்.

ஸ்ட்ரீமிங்கில் நாம் கட்டும் பணம் படத்துக்கு விலை அல்ல, பார்ப்பதற்கான அனுமதிக்கு வாடகை. அந்த சேவைக்கும் படத்தின் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால், நம்முடைய அனுமதியும் முடிந்துவிடும். டிஸ்க் அப்படியல்ல. அந்த ஒரு பிரதி உங்களுடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாம். புயல் நாளில் நெட் இல்லாதபோதும் லேப்டாப் பேட்டரியில் ஓட்டலாம். எனவே எதை வாங்கும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: விற்ற கம்பெனி மூடினாலும் இது ஓடுமா?

படத்தின் தரம்

டிஸ்க் வகைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

வி.சி.டி.: 1993ல் வந்த தரம். படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே. ஒரு டிஸ்க்கில் 74 முதல் 80 நிமிடங்கள்தான் அடங்கும். நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்குகளாக வந்ததற்குக் காரணம் இதுதான்.

டி.வி.டி.: நம் நாட்டு டி.வி. முறையில் 720க்கு 576 புள்ளிகள். சாதாரண டிஸ்க்கில் 4.7 ஜி.பி., இரட்டை அடுக்கு டிஸ்க்கில் 8.5 ஜி.பி. கொள்ளும்.

புளூ ரே: 1920க்கு 1080 புள்ளிகள். 25 அல்லது 50 ஜி.பி. கொள்ளும்.

"நெட்டிலும் 1080 வருகிறதே?" என்பீர்கள். வருகிறது. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் தரம் ஆகாது. ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பதும் முக்கியம். 1080 தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேக இணைப்பு போதும் என்கிறது நெட்பிளிக்ஸ். புளூ ரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். வித்தியாசம் எங்கே தெரியும்? மாலை வானம் போல ஒரே நிறம் மெல்ல மெல்ல மாறும் இடத்தில். டேட்டா குறைந்தால் அந்த நிறம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரியும். கையால் வண்ணம் தீட்டியது போன்ற பெரிய வானங்கள் அனிமேயில் அதிகம். அதனால்தான் அந்த ரசிகர்கள் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள். வி.சி.டி.யைப் பொறுத்தவரை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இன்றைய பெரிய திரையில் அது மங்கலாகத்தான் தெரியும்.

ரீஜன் என்னும் பூட்டு

வெளிநாட்டிலிருந்து உறவினர் டி.வி.டி. வாங்கி வந்தால் சில சமயம் ஓடாது. டி.வி.டி. கம்பெனிகள் உலகைப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கின்றன. அமெரிக்கா 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, இந்தியா 5. டிஸ்க் அட்டையில் சிறிய பூமி உருண்டைக்குள் இந்த எண் இருக்கும். "எல்லாப் பகுதிகளுக்கும்" என்று இருந்தால் கவலை இல்லை. புளூ ரேயில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, இந்தியா சி.

கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை மாற்றலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டி.வி.டி. டிரைவில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்றால் டி.வி.டி. ரீஜன் என்ற டேப் இருக்கும். ஆனால் எச்சரிக்கை! ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது. கடைசியாக வைத்த எண்ணிலேயே டிரைவ் நிரந்தரமாக நின்றுவிடும். விளையாட்டாகச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

உப்புக் காற்றும் டிஸ்க்கும்

டிஸ்க் அழியாதது என்று நான் சொல்லவில்லை. என் ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே போனால், உப்பளப் பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் கண்ணில் படும் ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். டிஸ்க்கைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் வேண்டாம்.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் இரவு நேரங்களில் இது சாதாரணம். காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் டிஸ்க்கின் மேல் படிந்தால் அதுவும் இப்படியே ஈரமாகும். டிஸ்க்கின் உள்ளே பளபளப்பது மெல்லிய அலுமினியப் படலம். லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புவது அதுதான். உப்பு நீர் பட்டால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

இங்கே வி.சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வி.சி.டி.யில் அலுமினியப் படலம், படம் அச்சிட்ட மேல் பக்கத்தை ஒட்டி, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. டி.வி.டி.யில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டு வி.சி.டி.க்கள் சிலவற்றை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரிகின்றன. அதே அலமாரியில் அத்தனை ஆண்டுகள் இருந்த டி.வி.டி.க்கள் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகின்றன. கீழ்ப்பக்கம் கீறல் விழக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வி.சி.டி.யின் மேல் பக்கக் கீறல் அதைவிட ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட வலு குறைந்தவை, ஸ்டுடியோவில் எழுதித் தரும் டிஸ்க்குகள். அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கும். கல்யாண வீடியோக்கள் இப்படித்தான் வந்தன. இவற்றில் படம் ஒரு சாயப் படலத்தில் எழுதப்படுகிறது. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். 2009ல் நடந்த என் அக்கா கல்யாணம் மூன்று டி.வி.டி.க்களில் இருந்தது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு டிரைவ்களில் மாற்றி மாற்றிப் போட்டுக் காப்பி எடுத்தேன். தாலி கட்டும் காட்சி கிடைத்தது. வரவேற்பில் கால் மணி நேரம் கிடைக்கவே இல்லை. அதில் வந்திருந்த பெரியவர்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை. சினிமாப் படம் என்றால் வேறு எங்காவது ஒரு பிரதி கிடைக்கும். இதற்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

பாதுகாப்புக்குச் சில வழிகள்:

1. டிஸ்க்கை அதன் பெட்டிக்குள், நிற்க வைத்த நிலையில் வையுங்கள். மூடி இறுகும் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்தால் இன்னும் நல்லது.

2. துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

3. மேல் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள்.

4. ஜன்னல் ஓரமும் டி.வி.யின் தலையும் டிஸ்க் வைக்கும் இடங்கள் அல்ல.

புதிய கம்ப்யூட்டரில் எப்படி ஓட்டுவது?

யு.எஸ்.பி.யில் இணைக்கும் டி.வி.டி. டிரைவ் சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஹப் வழியாக இணைக்காமல் நேரே லேப்டாப்பில் இணையுங்கள். மின்சாரம் போதாமல் போனால் டிஸ்க் சுற்றத் தொடங்கி நின்றுவிடும். டி.வி.டி. டிரைவில் புளூ ரே ஓடாது. இரண்டின் லேசர்களும் வேறு. புளூ ரேக்குத் தனி டிரைவும், பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கும் சாப்ட்வேரும் வேண்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டி.வி.டி. படம் ஓட்டும் வசதி தானாக வருவதில்லை. வி.எல்.சி. மீடியா பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். அதில் மீடியா மெனுவைத் திறந்து, ஓப்பன் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, டி.வி.டி.யா வி.சி.டி.யா என்று காட்டி, பிளே கொடுத்தால் படம் ஓடும்.

குடும்ப டிஸ்க்குகளைக் காப்பி செய்வதும் எளிது. டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ டி.எஸ். என்ற பெயரில் ஒரு போல்டர் இருக்கும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். பிறகு இன்னொரு காப்பியைத் தனி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கடையில் வாங்கிய படங்கள் வேறு. அவற்றில் பலவற்றில் காப்பிப் பூட்டு இருக்கும். அதை உடைத்துப் பிரதி எடுத்துக் கொடுப்பது சட்டப்படி குற்றம்.

எதை வைக்கலாம், எதை வாங்கலாம்?

அமெரிக்காவிலேயே டிஸ்க் விற்பனை சுருங்கி வருகிறது. நெட்பிளிக்ஸ் தன் டி.வி.டி. வாடகைச் சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. பெஸ்ட் பை கடைகள் 2024ல் பட டிஸ்க் விற்பதை விட்டுவிட்டன. தமிழில் புதிய படங்கள் டிஸ்க்காக வருவது இன்று அரிது. எனவே எல்லாவற்றையும் டிஸ்க்காக வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு முறை பார்த்து மறக்கும் படத்துக்கு ஸ்ட்ரீமிங்கே போதும். வருடா வருடம் திரும்பப் பார்க்கும் படம், பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் படம், நெட்டில் தேடியும் கிடைக்காத படம் இவை டிஸ்க்கில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பதை எறியாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து டிஸ்க்குகளை மூன்றாகப் பிரியுங்கள். ஸ்டுடியோவில் எழுதிய ஊதா டிஸ்க்குகள், வி.சி.டி.க்கள், டி.வி.டி.க்கள். ஊதா டிஸ்க்குகளை முதலில் காப்பி செய்யுங்கள். மற்றவை கொஞ்ச நாள் பொறுக்கும், அவை பொறுக்காது.